டிரினிடாட்டில் மதுச் சட்டங்களும் மக்களின் மெத்தனமும்: விளக்கங்களின் மதிப்பாய்வு

டிரினிடாட் டொபாகோவில் மது தொடர்பான சட்டங்கள் ஏட்டில் விரிவாகவும் நடைமுறையில் நெகிழ்வாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வி, 1962இல் அந்நாடு பெற்ற விடுதலையைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் நிர்வாகிகள் இதைத் தொழிலாளரின் ஒழுக்கக் குறையாகக் கண்டனர். 20ஆம் நூற்றாண்டின் மானிடவியலாளர் இதற்குள் ஒரு பண்பாட்டு ஒழுங்கைத் தேடினர். மனநல மருத்துவர் நோயின் தடயங்களைத் தேடினர். பொதுச் சுகாதாரத் துறையினர் கொள்கைத் தோல்வி என்றும், சாலைப் பாதுகாப்புக்காகப் போராடியவர்கள் காவல்துறையின் பாராமுகம் என்றும் சொல்லிவந்திருக்கின்றனர். ஏறக்குறைய 14 லட்சம் மக்கள் வாழும் ஓர் இரட்டைத் தீவு நாட்டைப் பற்றி இத்தனை விளக்கங்கள் குவிந்ததில் வியப்பில்லை. கரும்பு, அடிமைமுறை, ஒப்பந்தக் கூலிமுறை, எண்ணெய்ச் செல்வம், கார்னிவல் என்று கரீபிய வரலாற்றின் முக்கியமான இழைகள் பலவும் அங்கே பின்னிக் கிடக்கின்றன.

இவ்விளக்கங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உண்மையைத் தொட்டிருக்கின்றன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் பெரும்பாலானவை மதுச் சட்டங்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாகவும், அவற்றின்பால் மக்கள் கொண்டுள்ள மனப்பான்மையை ஒரே மனப்பான்மையாகவும் வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. அந்த எடுகோள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் கவனத்தில் கொண்டே கீழ்வரும் நிலைப்பாடுகளை எடைபோட வேண்டியிருக்கிறது.

ஏட்டில் உள்ளதும் தெருவில் உள்ளதும்

மது விற்பனையை ஆளும் மைய ஏற்பாடு மது உரிமச் சட்டம். குடியேற்ற ஆட்சியின் பிற்பகுதியில் உருப்பெற்ற இச்சட்டம் விற்பனையாளரை வகை பிரிக்கிறது: கடையிலேயே அமர்ந்து குடிக்க விற்பவருக்கு ஒருவகை உரிமம், வீட்டுக்கு எடுத்துச்செல்ல மட்டும் விற்கும் மளிகைக்காரருக்கு வேறுவகை, உணவகத்துக்கும் விடுதிக்கும் இரவு மதுக்கூடத்துக்கும் தனித்தனி வகைகள். நீதிமன்ற வட்டாரந்தோறும் உரிமக் குழு கூடி, விண்ணப்பங்களையும் அவற்றுக்கு அண்டை அயலார் தெரிவிக்கும் ஆட்சேபங்களையும் கேட்டு முடிவு செய்கிறது. விற்பனை நேரம் உரிமத்தின் வகைக்கேற்ப வரையறுக்கப்பட்டுள்ளது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது நெடுங்காலமாகவே குற்றம். அந்த எல்லையை 21 ஆக உயர்த்தும் யோசனையை 2025இல் அரசே முன்வைத்தது. வடிசாலைகள், அதாவது சாராய வகைகளைக் காய்ச்சி வடிக்கும் ஆலைகள், சுங்க ஆயத்துறை அலுவலரின் கண்காணிப்பில் இயங்குகின்றன. உரிமமின்றி வடிப்பது தண்டனைக்குரியது.

இவற்றோடு, 2007இல் நிறைவேற்றப்பட்டு 2009இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சேர்ந்துகொண்டது. ஓட்டுநர் வெளிவிடும் மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம் என்று இத்திருத்தம் வரையறுத்தது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்ற அளவுக்கு ஈடான இந்த எல்லை, பிரிட்டன் 1967இல் வகுத்த எல்லையேயாகும். விடுதலை பெற்று 45 ஆண்டுகளுக்குப் பின்னரும் அளவுகோல் பழைய ஆட்சியாளரிடமிருந்தே எடுக்கப்பட்டது என்பது, பின்னர் வரும் விவாதத்துக்குத் தொடர்புடைய செய்தி.

நடைமுறையின் தோற்றம் வேறு. சாலையோர ரம் கடையின் வாசலிலும் காரின் பின்கதவைத் திறந்துவைத்தும் கூட்டமாய்க் குடிப்பது அன்றாடக் காட்சி. கடற்கரைக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் ஆற்றங்கரைச் சமையலுக்கும் பனிக்கட்டி நிரப்பிய மதுப்பெட்டி கூடவே போகும். அவரவர் மதுவை அவரவரே பெட்டியில் கொண்டுவரலாம் என்ற விதியோடு நடக்கும் பெரும் கேளிக்கைகளும் உண்டு. வாங்க வருபவரின் வயதைக் கேட்கும் வழக்கம் சிறு கடைகளில் வேரூன்றவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு பள்ளி மாணவரிடையே நடத்தப்பட்ட நலவாழ்வுக் கணக்கெடுப்புகளிலிருந்து ஊகிக்கத்தக்கது. சட்டப்படியான வயதை எட்டாதவரில் கணிசமான பங்கினர் மதுவை அறிந்திருப்பதையே அவை காட்டின.

தோட்டக் காலத்தின் மரபுரிமை

முதல் நிலைப்பாடு வரலாற்றாசிரியர்களுடையது. சட்டத்தின்பால் உள்ள அலட்சியம் அடிமைமுறையிலும் ஒப்பந்தக் கூலிமுறையிலும் மக்கள் சட்டத்தை எந்த வடிவில் சந்தித்தனரோ அதன் விளைவு என்பது இதன் சாரம். கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகே ரம்முக்கு மூலப்பொருள். ஆகவே கரும்புத் தோட்டம் இருந்த இடமெல்லாம் ரம்மும் இருந்தது. பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளில் அது விற்பனைப் பண்டமாக மட்டுமன்றி, அடிமைகளுக்குப் பங்காக அளந்து வழங்கப்பட்டு வேலை வாங்கும் கருவியாகவும் பயன்பட்டது. அதேவேளை குடிப்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் தொடக்கத்திலிருந்தே வந்தன. பெருவழிகளை ஒட்டிய குடிகடைகளில் ரம் விற்பதைத் தடுக்கப் பார்படோசில் 1668இலேயே சட்டம் இயற்றப்பட்டது. குடிக்கக் கொடுப்பவரும் குடித்ததற்காகத் தண்டிப்பவரும் ஒருவராகவே இருந்த ஒரு சமூகத்தில், சட்டத்துக்கு ஒழுக்க மதிப்பு எதுவும் சேரவில்லை என்று இந்நிலைப்பாட்டினர் வாதிடுகின்றனர்.

டிரினிடாட்டைப் பொறுத்தவரை இவ்வாதத்துக்கு வலுவான சான்றுகள் உள்ளன. 1838இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளியினரும், 1845இல் ஃபேட்டல் ரசாக் கப்பல் வந்தது முதல் 1917 வரை கொண்டுவரப்பட்ட ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான இந்தியரும், சட்டத்தை முதன்மையாக உழைப்பைப் பிழியும் கருவியாகவே அறிந்தனர். அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒப்பந்தக் கூலி சிறைக்குப் போக நேரிட்டது. வேலைக்கு வராமையே குற்றமாயிற்று. 1838 முதல் 1900 வரையிலான டிரினிடாட்டின் குற்ற வரலாற்றை எழுதிய டேவிட் டிராட்மன், தோட்டச் சமூகம் எவற்றைக் குற்றமென வகுத்தது என்பதிலேயே அதன் தொழிலாளர் கட்டுப்பாடு அடங்கியிருந்ததை விளக்கினார். பிரிட்ஜெட் பிரிரட்டனின் ஆய்வுகள், உழைக்கும் மக்களின் கொண்டாட்டங்களை மேல்தட்டினர் எத்தகைய அச்சத்தோடும் அருவருப்போடும் நோக்கினர் என்பதைக் காட்டின. 1881இல் கார்னிவலின் கான்பூலே தீவட்டி ஊர்வலத்தைக் காவல்துறை தடுக்க முற்பட்டபோது மோதல் வெடித்தது. 1884இல் சான் ஃபெர்னாண்டோவில் மொகரம் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தனர். ஷவுட்டர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டை 1917இல் தடைசெய்த அவசரச் சட்டம் 1951 வரை நீடித்தது. கூடுவதும் பாடுவதும் கும்பிடுவதும் குற்றமாக இருந்த நாட்டில், குடிப்பதைப் பற்றிய விதிகளையும் மக்கள் அதே வரிசையில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று கருத இடமுண்டு.

ஆனால் இதே காலத்தின் இன்னொரு பக்கத்தை இந்நிலைப்பாடு போதிய அளவு கவனிப்பதில்லை. ரம்மின் மீதான ஆயத்தீர்வை, அதாவது உள்நாட்டு உற்பத்திப் பொருள்மீது விதிக்கப்படும் வரி, குடியேற்றக் கருவூலத்துக்கு முக்கியமான வருவாயாக இருந்தது. ஆகவே வரி கட்டாமல் காய்ச்சப்பட்ட சாராயத்தை, மக்கள் வழக்கில் 'பபாஷ்' எனப்படும் கள்ளச்சாராயத்தை, அரசு வேட்டையாடியது. உரிமம் இல்லாத கடைக்காரரும் அரசின் கண்ணுக்குத் தப்புவது எளிதாக இருக்கவில்லை. மதுச் சட்டங்களில் ஒரு பகுதி உறுதியோடும் இன்னொரு பகுதி ஏனோதானோவென்றும் நடத்தப்பட்டன என்றால், மெத்தனத்தின் தோற்றுவாய் மக்களிடம் இருந்ததா, அரசின் தெரிவில் இருந்ததா என்ற வினா எழுகிறது. வருவாயைக் காக்கும் விதிகள் நடத்தப்பட்டன, குடிப்பவரின் உடலையும் குடும்பத்தையும் காக்கும் விதிகள் ஏட்டோடு நின்றன என்ற இந்த வேறுபாடு, தோட்டக் காலம் விட்டுச்சென்ற மரபுரிமைகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிக நீண்ட விளைவுடையதும் ஆகலாம்.

மேலும், குடியேற்ற ஆட்சி தந்த சட்டங்கள் யாவும் அந்நாட்டில் அலட்சியப்படுத்தப்படவில்லை. நிலப் பத்திரமும் உயிலும் வழக்காடும் முறையும் அதே மூலத்திலிருந்து வந்தவையே. மக்கள் அவற்றைக் கருத்தோடு பயன்படுத்துகின்றனர். அந்நிய மூலம் என்பது மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

லைமும் கார்னிவலும்: பண்பாட்டு விளக்கம்

இரண்டாவது நிலைப்பாடு மானிடவியலாளருடையது. வெளிநாட்டு வாசகரிடையே மிகுந்த செல்வாக்குப் பெற்றதும் இதுவே. 'லைம்' என்பது டிரினிடாட்டில் குறிக்கோள் ஏதுமின்றி நண்பர்கள் கூடிப் பொழுதுபோக்குவதைக் குறிக்கும் சொல். நார்வே மானிடவியலாளர் தாமஸ் ஹில்லண்ட் எரிக்சன் 1990இல் எழுதிய கட்டுரையில், பிற சமூகங்களில் சோம்பலென இகழப்படும் இச்செயல் அங்கே தேர்ச்சி தேவைப்படும் கலையாக மதிக்கப்படுவதை எடுத்துக்காட்டினார். லைமுக்கு மது கட்டாயமில்லை, ஆயினும் பெரும்பாலும் உடனிருக்கும். இதற்குமுன், கொலம்பியாவுக்குரிய பிராவிடென்சியா தீவை ஆராய்ந்த பீட்டர் வில்சன் 1973இல் வெளியான தமது நூலில் கரீபியச் சமூகங்களுக்கென ஓர் இருமைக் கோட்பாட்டை வகுத்திருந்தார். 'கண்ணியம்' என்பது தேவாலயம், திருமணம், வீடு ஆகியவற்றைச் சார்ந்த, குடியேற்ற ஆட்சியின் அளவுகோல்களை ஏற்ற மதிப்பு. 'பேர்' என்பது ரம் கடையில், சமமானவரிடையே, பேச்சாலும் தாராளத்தாலும் குடியாலும் ஆண்கள் ஈட்டும் மதிப்பு. சட்டம் கண்ணியத்தின் பக்கம் நிற்பதால் அதை மீறுவதே பேரின் ஒரு பகுதி ஆகிறது என்பது இக்கோட்பாட்டிலிருந்து பெறப்படும் விளக்கம். டிரினிடாட்டையே களமாகக் கொண்ட டேனியல் மில்லர் 1994இல் இதை மாற்றியமைத்து, கார்னிவலில் வெளிப்படும் கணநேர வாழ்வின் விழுமியங்களும் கிறிஸ்துமஸில் வெளிப்படும் நிலைபேற்றின் விழுமியங்களும் ஒரே மக்களிடம் மாறி மாறிச் செயல்படுவதாக விவரித்தார்.

இவற்றின் பின்னணியில் கிரெய்க் மெக்ஆண்ட்ரூவும் ராபர்ட் எட்கர்டனும் 1969இல் முன்வைத்த கருத்தும் உண்டு. போதையில் மனிதர் நடந்துகொள்ளும் விதம் மதுவின் வேதியியலால் மட்டும் அமைவதில்லை, அது கற்றுக்கொள்ளப்படுவது, சமூகம் குடிக்கு 'விடுப்பு நேரம்' வழங்குகிறது, அந்த விடுப்புக்கும் எல்லை வகுக்கிறது என்பது அவர்கள் வாதம். திருநீற்றுப் புதனுக்கு முந்திய இரு நாள்களில், ஜூவே எனப்படும் விடியற்கால ஊர்வலம் தொடங்கி நடக்கும் டிரினிடாட் கார்னிவல் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. தெருவில் குடிப்பதைக் காவலர் பார்த்துக்கொண்டே நிற்கின்றனர். ஆனால் கண்ணாடிப் புட்டிகள் விலக்கப்படுகின்றன, ஊர்வலப் பாதைகளும் நேரங்களும் குறிக்கப்படுகின்றன, புதன்கிழமை காலை நாடு வேலைக்குத் திரும்புகிறது.

இவ்விளக்கத்தின் அழகே அதன் பலவீனமும் ஆகிறது. வில்சனின் இருமை ஆண்களைக் கொண்டே வகுக்கப்பட்டது என்பதை ஜீன் பெசன் 1993இல் கூர்மையாகச் சுட்டிக்காட்டினார். பெண்களும் பேருக்காகப் போட்டியிடுகின்றனர், கண்ணியம் என்பதும் வெறும் இரவல் அன்று என்பது அவர் மறுப்பு. டிரினிடாட்டில் மது தொடாத மக்களின் எண்ணிக்கை சிறிதன்று: முஸ்லிம்கள், பெந்தேகோஸ்தே சபையினர், ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள், விரத நாள்களிலேனும் விலகியிருக்கும் இந்துக்கள் ஆகியோர் இந்தப் 'பண்பாட்டில்' எங்கே இருக்கின்றனர் என்பதற்கு விடையில்லை. அதைவிடக் கவலைக்குரியது ஒன்றுண்டு. நண்பர் வட்டத்தின் தோழமையை மையமாக வைத்து எழுதப்பட்ட இவ்வாய்வுகளில், அந்த வட்டம் கலைந்தபின் வீட்டில் நடப்பவை ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. குடித்த கணவனிடம் அடிபடும் மனைவிக்கும், ஓட்டுநரின் நிதானக்குறைவால் உறுப்பிழந்தவருக்கும் அலட்சியம் ஒரு பண்பாட்டு அழகாகத் தோன்ற நியாயமில்லை. பண்பாட்டு விளக்கம் பொய்யன்று. ஆனால் யாருடைய பண்பாடு என்று கேட்காதவரை அது முழுமை பெறாது.

இந்திய வம்சாவளியும் 'மதராஸி' முத்திரையும்

மூன்றாவது நிலைப்பாடு இனக்குழு வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறது. மனநல மருத்துவர் மைக்கேல் போப்ரன் 1956 முதல் 1965 வரை டிரினிடாட்டில் குடிநோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சை பற்றி 1967இல் எழுதியதும், கரோல் யாவ்னி 1969இல் இந்திய, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் குடிமுறைகளை ஒப்பிட்டதும் இத்துறையின் தொடக்ககால ஆய்வுகளாகும். சிகிச்சைக்கு வந்தவரில் இந்திய வம்சாவளியினரின் பங்கு மிகுந்திருந்தது என்ற செய்தி, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் குடி சமூக உறவுகளில் கூடுதலாகப் பிணைந்தது, இந்தியரின் குடி தனிமையையும் நெருக்கடியையும் கூடுதலாகச் சார்ந்தது என்ற முடிவுக்கு வழிவகுத்தது. மைக்கேல் ஆங்க்ரோசினோ 1974இல் இன்னும் நுட்பமான ஒரு பார்வையைத் தந்தார்: கிராமச் சமூகத்தின் பழைய பிணைப்புகள் தளர்ந்த இடத்தில் குடி பெருகியது, குடிநோயாளர் மீட்புக் குழுக்களை இந்தியர் தங்களுக்கேற்ற புதிய சமூகமாக மாற்றிக்கொண்டனர். பிற்காலத்தில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதிகளின் மரபணு வேறுபாடுகளைப் பற்றி டிரினிடாட்டில் நடந்த ஆய்வுகள், இரு இனக்குழுக்களிலும் காப்பளிக்கும் அல்லது இடர் கூட்டும் மரபணு வடிவங்கள் வேறுபடுவதைச் சுட்டின. ஒருவரது உடல் மதுவை எப்படித் தாங்குகிறது என்பதற்கு இது விடையாகலாம். சட்டத்தை அவர் எப்படி மதிக்கிறார் என்பதற்கு ஆகாது.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. டிரினிடாட்டுக்கு வந்த இந்தியரில் மிகப் பெரும்பான்மையினர் கல்கத்தா வழியாக வந்தவர்கள். சென்னைத் துறைமுகத்தின் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும் சிறு பங்கினரே. இவர்கள் 'மதராஸி' என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டனர். குடிகாரர், அடங்காதவர், வேலைக்கு ஆகாதவர் என்ற முத்திரையைத் தோட்டக்காரர்கள் இவர்கள்மீது குத்தினர். அம்முத்திரை குடியைப் பற்றியதைவிட, கரும்புத் தோட்டத்துக் கடுமையை ஏற்க மறுத்தவர்களைப் பற்றியது என்று கொள்வதே பொருத்தம். மறுபுறம், காளி மாயி வழிபாட்டிலும் முனீஸ்வரன் போன்ற காவல் தெய்வங்களின் வழிபாட்டிலும் ரம் படைக்கப்படுவது இன்றும் தொடர்கிறது. தமிழகத்துச் சிற்றூர்க் காவல் தெய்வத்துக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கும் மரபின் தொடர்ச்சியான இது, வைதிக மரபைத் தழுவிய இந்து அமைப்புகளால் நெடுங்காலம் கீழாகவே பார்க்கப்பட்டது. தெய்வத்துக்குப் படைக்கும் ரம்மும், சட்னி எனப்படும் இந்திய-கரீபிய இசையில் வரிசையாக வரும் ரம் பாடல்களும், கரும்பு வெட்டிய கூலியின் சனிக்கிழமைச் சம்பளத்தில் கரைந்த ரம்மும் ஒரே பொருளுடையவை அல்ல. இனக்குழுவை மட்டும் அலகாகக் கொள்ளும் ஆய்வு இவற்றை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

உற்பத்தி செய்யும் நாடு, ஒழுங்குபடுத்தும் நாடு

நான்காவது நிலைப்பாடு பொருளாதாரத்தைச் சார்ந்தது. வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் 1824இல் ஜெர்மானிய மருத்துவர் யோஹான் சீகர்ட் உருவாக்கிய கசப்பு மதுச்சாரம், பின்னர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு இடம்பெயர்ந்து டிரினிடாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அங்கோஸ்டுரா நிறுவனம் இன்று நாட்டின் முதன்மையான ரம் உற்பத்தியாளர். அரசுடைமையான கரோனி சர்க்கரை நிறுவனம் 2003இல் மூடப்பட்டபின் உள்நாட்டுக் கரும்புத் தொழில் ஓய்ந்தது. ரம் தொழில் வெளிநாட்டுக் கழிவுப்பாகை நம்பி நீடித்தது. பியர்ச் சந்தையில் கரீப் ஆலை ஓங்கி நிற்கிறது. கார்னிவல் மேடைகள், இசைப் போட்டிகள், விளையாட்டுகள் ஆகியவற்றின் ஆதரவாளர் பட்டியலில் மது நிறுவனங்கள் நிலையான இடம் பெற்றிருக்கின்றன.

அரசுக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவு வரியோடு நிற்கவில்லை. அங்கோஸ்டுராவைத் தன் வசம் வைத்திருந்த சி.எல். ஃபைனான்சியல் குழுமம் 2009 ஜனவரியில் நெருக்கடியில் வீழ்ந்தபோது அரசு பொதுப்பணத்தால் அதைத் தாங்கியது. அதன் தொடர்ச்சியாக, 2018இல் அரசு அமைத்த தேசிய முதலீட்டு நிதி நிறுவனத்தின் சொத்துகளில் அங்கோஸ்டுரா பங்குகளும் இடம்பெற்றன. அந்நிறுவனத்தின் கடன் பத்திரங்களைப் பொதுமக்களே வாங்கினர். மூச்சுப் பரிசோதனை நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில் ரம் நிறுவனமொன்றின் தாய்க் குழுமத்தை அரசு மீட்டது என்பதிலிருந்து திட்டமிட்ட சதி எதையும் ஊகிக்கத் தேவையில்லை. மது குறைவாக விற்றால் அரசும் முதலீட்டாளரான குடிமக்களும் ஓரளவு இழக்கும் ஓர் ஏற்பாடு உருவாகியிருக்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

இவ்விளக்கத்தின் குறை, அது சட்டமியற்றுவோரின் தயக்கத்தை விளக்கும் அளவுக்குச் சட்டத்தை மீறுவோரின் அலட்சியத்தை விளக்குவதில்லை என்பதே. உரிமக் குழு ஏன் ஆட்சேபங்களை மீறி உரிமம் தருகிறது என்பதற்கு வருவாய் ஒரு காரணமாகலாம். தந்தை ஏன் பதினான்கு வயது மகனைப் பியர் வாங்கிவர அனுப்புகிறார் என்பதற்கு அது காரணமாகாது.

பிடிபடும் வாய்ப்பு: மூச்சுப் பரிசோதனை தந்த சான்று

ஐந்தாவது நிலைப்பாடு மிக எளிமையானது: சட்டத்தை மீறினால் பிடிபடுவோம் என்ற எண்ணம் இல்லாததே மெத்தனம், பண்பாட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை. 2009க்கு முன் ஓட்டுநரின் போதையை மெய்ப்பிக்கும் கருவி காவலரிடம் இல்லை. 'அரைவ் அலைவ்' போன்ற தன்னார்வ அமைப்புகளின் தொடர்ந்த வலியுறுத்தலோடு கருவி வந்தபின், கார்னிவல் காலச் சாலைத் தடுப்புகளும் கைதுகளும் செய்தியாயின. கேளிக்கை நடத்துவோர் போக்குவரத்து வசதி செய்யத் தொடங்கினர். குழுவில் ஒருவர் குடிக்காமல் வண்டி ஓட்டுவது கேலிக்குரியதாக இல்லாமல் போயிற்று. 2000களின் இறுதியில் ஆண்டுக்கு 200ஐத் தாண்டியிருந்த சாலை இறப்புகள் அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இச்சரிவு முழுவதையும் மூச்சுப் பரிசோதனையின் கணக்கில் எழுதுவது அவசரமாகும். வாகன வேகத்தை அளக்கும் கருவிகள், நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பிகள், 2020இல் வந்த தண்டப் புள்ளி முறை ஆகியவையும் இதே காலத்தில் சேர்ந்தன. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்த லாரன்ஸ் ராஸ், தொடக்கத்தில் விபத்துகள் சட்டென்று குறைந்து, பிடிபடும் வாய்ப்பு உண்மையில் சிறிது என்பதை மக்கள் உணர்ந்ததும் விளைவு தேய்ந்துபோனதைக் காட்டினார். டிரினிடாட்டில் அத்தகைய தேய்வு நிகழ்ந்ததா என்பதைப் பிரித்தறிய, விபத்துத் தரவோடு பரிசோதனைகளின் எண்ணிக்கையையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும். கொலைகளின் எண்ணிக்கை 2022இலும் 2024இலும் 600ஐத் தாண்டிய நாட்டில், காவல்துறை தன் ஆற்றலை மதுக்கடையின் மூடுநேரத்தில் செலவிடும் என எதிர்பார்ப்பதும் கடினம்.

எனினும் இங்கே நிகழ்ந்த மாற்றம் பண்பாட்டு விளக்கத்துக்கு ஒரு கடுமையான கேள்வியை வைக்கிறது. அதே லைம், அதே கார்னிவல், அதே ரம். நடத்தை மட்டும் ஒரு பகுதியில் மாறியது. பெருந்தொற்றுக் காலமும் இதையொட்டிய சான்று தருகிறது. 2020, 2021 ஆண்டுகளில் மதுக்கூடங்களில் அமர்ந்து குடிப்பது பல மாதங்களுக்குத் தடைசெய்யப்பட்டது. 2021 அக்டோபரில் தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும் அவை திறக்கப்பட்டன. மீறல்கள் இருந்தன, ஆனால் ஒரு விதி நிச்சயமாக நடத்தப்படும் என்ற நிலை வந்தபோது பெரும்பாலான கடைகள் கதவைச் சாத்தின.

புகையிலை: ஓர் ஒப்பீடு

மேற்கண்ட நிலைப்பாடுகளை ஒருசேரச் சோதிக்க நாட்டுக்குள்ளேயே ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. 2009இல் டிரினிடாட் டொபாகோ புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் புகையிலை விளம்பரங்களையும் தடைசெய்தது. மதுக்கூடங்களும் இதில் அடக்கம். அத்தடை பெருமளவில் கைக்கொள்ளப்பட்டது. அதே மக்கள், அதே கடைகள், அதே காவல்துறை. புகையிலைக்கும் உள்நாட்டு உற்பத்தி நிறுவனமும் பங்குச் சந்தை நலனும் உண்டு. மேற்குறிப்பிட்ட தேசிய முதலீட்டு நிதியில் புகையிலைப் பங்குகளும் இருந்தன. ஆகவே பொருளாதார நலன் மட்டும் சட்டத்தைத் தடுக்கவில்லை, பண்பாடு மட்டும் சட்டத்தை முறிக்கவில்லை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கலாம். புகையிலைக்குப் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று 2005 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் இணைந்த நாடு கணக்குக் காட்ட வேண்டும். மதுவுக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு உத்தி பரிந்துரையோடு நிற்கிறது. 2007 செப்டம்பரில் கரீபியத் தலைவர்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடித் தொற்றா நோய்களைப் பற்றி வெளியிட்ட பிரகடனம் புகையிலையைப் பற்றித் திட்டவட்டமாகப் பேசியது. மதுவை முதன்மையாக வருவாயின் தொடர்பிலேயே குறிப்பிட்டது. அத்தோடு, புகை அருகிலிருப்பவரைத் தாக்கும் என்ற கருத்து மக்கள் மனத்தில் ஊன்றியதைப்போல, ஒருவரின் குடி பிறரைத் தாக்கும் என்ற கருத்து ஊன்றவில்லை. மூச்சுப் பரிசோதனைக்கு ஆதரவு கிடைத்தது, சாலையில் அந்தப் 'பிறர்' கண்ணுக்குத் தெரிந்ததால்தான் என்று கொள்ள இடமிருக்கிறது. அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்தை ஆராய்ந்த ஜோசப் கஸ்ஃபீல்ட், மதுச் சட்டம் பல நேரங்களில் நடத்தையை மாற்றுவதற்கன்றி, எந்தக் குழுவின் விழுமியம் மேலானது என்று அறிவிப்பதற்காகவே இயற்றப்படுகிறது என்றார். டிரினிடாட்டின் பழைய மதுச் சட்டங்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை; 2009இல் வந்த மூச்சுப் பரிசோதனையும் புகையிலைத் தடையும் இவ்வகையைச் சேராதவை.

தீராதிருக்கும் கேள்விகள்

இச்சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, மதுச் சட்டங்களின்பால் டிரினிடாட் மக்கள் பொதுவாக மெத்தனமானவர் என்ற கூற்று அதன் பொது வடிவில் நிற்பதாகத் தோன்றவில்லை. உரிமமும் ஆயத்தீர்வையும் ஓரளவு கண்டிப்போடு நடக்கின்றன. வாகனச் சட்டம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மதிப்புப் பெற்றுவருகிறது. வயது வரம்பும் விற்பனை நேரமும் தெருக் குடியும் சார்ந்த விதிகளே பெரும்பாலும் ஏட்டளவில் உள்ளன. ஆகவே விளக்கம் வேண்டுவது இந்தக் கடைசிப் பகுதிக்கே. அதற்குத் தோட்டக் காலத்து வருவாய் அரசின் தெரிவுகளும் நடத்துதலின் பலவீனமும் சேர்ந்த விளக்கம், பண்பாட்டு விளக்கத்தைவிடக் கூடுதலான சான்றுகளைத் தாங்குவதாகத் தெரிகிறது. எனினும் எந்த விதி மக்களுக்கு நியாயமாகப் படும், எது படாது என்பதை முடிவு செய்வதில் பண்பாட்டின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

வயது வரம்பை உயர்த்துவது பற்றிய விவாதம் இதற்கு உடனடிச் சோதனையாக அமையும். 18 என்ற எல்லையே கடைகளில் நடத்தப்படாத நிலையில் 21 என்ற எல்லை நடத்தப்படுமா, அன்றி மதிக்கப்படாத விதிகளின் பட்டியலில் இன்னொன்றாகச் சேருமா என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. விற்பவர்மீது கண்காணிப்பு, விலை, விளம்பரம் ஆகியவற்றைத் தொடாமல் வாங்குபவரின் வயதை மட்டும் தொடும் சட்டம் எந்த வகையைச் சேரும் என்பதும் திறந்தே இருக்கிறது. முறைசாராக் கட்டுப்பாடுகளான குடும்பம், சபை, கோவில், கடைக்காரரின் சொந்த விவேகம் ஆகியவை நகரமயமாதலோடு தளர்ந்துவிட்டனவா, இடம் மாறியுள்ளனவா என்பதற்கு 1970களின் கிராம ஆய்வுகளை நம்பியிருக்க இனி முடியாது; பெண்களின் குடியும் பெண்கள்மீதான குடியின் விளைவும் மையமாக அமையும் புதிய களப்பணி தேவைப்படுகிறது. டொபாகோவைத் தனியே எடுத்து நோக்கிய ஆய்வுகள் அரிது. ஒப்பந்தக் கூலிமுறை டிரினிடாட்டில் ஆழப்பதிந்த அளவுக்குப் பதியாத, சுற்றுலா ஓங்கிய அத்தீவில் இதே சட்டங்கள் எவ்வாறு நடக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தால், தோட்ட மரபுரிமை விளக்கத்தின் எல்லை எதுவென்று தெளிவாகக்கூடும்.